1926: விஞ்ஞானப் புனைகதைக்குப் பெயரும் முகவரியும் கிடைத்த ஆண்டு

1926 மார்ச் 10ஆம் திகதி அமெரிக்கப் பத்திரிகைக் கடைகளுக்கு ஒரு புதிய சஞ்சிகை வந்தது. விலை 25 சதம். பெயர் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’. அதன் அட்டையில் பனிக்கட்டியின் மேல் மனிதர்கள் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வானத்தை நிறைத்தபடி வளையங்களுடன் சனிக் கிரகம் தெரிந்தது.

ஆறு நாட்கள் கழித்து, மார்ச் 16ஆம் திகதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஓபர்ன் என்ற ஊரில், உறவினர் ஒருவரின் பண்ணையில் ரொபர்ட் கொடார்ட் என்ற பௌதிகவியல் பேராசிரியர் ஒரு ரொக்கெட்டை ஏவினார். திரவ எரிபொருளில் இயங்கிய உலகின் முதலாவது ரொக்கெட் அது. இரண்டரை விநாடிகள் பறந்து, 41 அடி உயரம் சென்று, 184 அடிக்கு அப்பால் ஒரு கோவாத் தோட்டத்தில் விழுந்தது. அதே ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி லண்டனில் ஜோன் லோகி பேர்ட் தனது தொலைக்காட்சிக் கருவியை விஞ்ஞானிகளுக்கு இயக்கிக் காட்டியிருந்தார். பேர்லினில் ஃப்ரிட்ஸ் லாங் ‘மெட்ரோபொலிஸ்’ திரைப்படத்தின் படப்பிடிப்பை முடித்துக்கொண்டிருந்தார்.

இவற்றை யாரும் திட்டமிட்டு ஒரே ஆண்டில் நடத்தவில்லை. ஆனாலும் விஞ்ஞானப் புனைகதையின் வரலாற்றைப் படிக்கும் எவரும் 1926இல் வந்து நிற்காமல் போக முடியாது. ஊடகக் கற்கை படித்தவர் என்ற வகையில் எனக்கு இந்த ஆண்டு முக்கியமாகப்படுவதற்குக் காரணம் ரொக்கெட் அல்ல. ஒரு சஞ்சிகை எவ்வாறு ஓர் இலக்கிய வகைக்குப் பெயர் கொடுத்தது, எவ்வாறு அதன் வாசகர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தியது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் இந்த ஒரே கதைக்குள் இருக்கின்றன.

அதற்கு முன்னர்

விஞ்ஞானக் கதைகள் 1926இல் பிறக்கவில்லை. மேரி ஷெல்லியின் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ 1818இல் வெளிவந்தது. பிரான்சில் ஜூல்ஸ் வேர்ண் 1860களிலிருந்து பூமியின் மையத்துக்கும் சந்திரனுக்கும் கடலடிக்கும் பாத்திரங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் எச்.ஜீ. வெல்ஸின் ‘த டைம் மெஷின்’ 1895இலும், செவ்வாய்க் கிரகவாசிகளின் படையெடுப்பைச் சொல்லும் ‘த வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ்’ நூலாக 1898இலும் வந்தன. அந்தச் செவ்வாய்க் கதையைப் பதினாறு வயதில் படித்துத்தான் கொடார்ட் விண்வெளியைப் பற்றிக் கனவு காணத் தொடங்கினார்.

நமது பக்கத்திலும் ஒன்று உண்டு. வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கேயா, பெண்கள் ஆட்சி செய்யும், சூரிய சக்தியைப் பயன்படுத்தும், வானூர்தியில் பயணிக்கும் ஒரு நாட்டைக் கற்பனை செய்து ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். 1905இல் அதை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் சஞ்சிகை. செக் எழுத்தாளர் கரெல் சாபெக் ‘ரோபோ’ என்ற சொல்லை உலகுக்குத் தந்த நாடகம் 1920இல் அச்சாகி, 1921இல் பிராக் நகரில் மேடையேறியது.

எனவே கதைகள் இருந்தன, எழுத்தாளர்களும் இருந்தார்கள். இவற்றுக்கெல்லாம் பொதுவான, எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு பெயர் இருக்கவில்லை. வேர்ணின் கதைகள் பயண நூல்களாகவும், வெல்ஸின் கதைகள் ‘விஞ்ஞானக் காதைகள்’ என்றும், வேறு பல சாகசக் கதைகளாகவும் விற்கப்பட்டன. அமெரிக்காவில் ‘பல்ப்’ எனப்படும் மலிவுத் தாள் சஞ்சிகைகள், கௌபோய் கதைக்கும் துப்பறியும் கதைக்கும் நடுவில் ஒரு செவ்வாய்க் கிரகக் கதையையும் போட்டன. அதை மட்டும் விரும்பும் வாசகர் தேடித் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது.

வானொலிப் பாகங்கள் விற்றவர்

அந்த வாசகரை முதலில் ஒரு சந்தையாகக் கண்டவர் ஹியூகோ கேர்ன்ஸ்பெக். 1884இல் லக்ஸம்பேர்க்கில் பிறந்தவர். 1904இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். நியூயோர்க்கில் மின்சார உதிரிப்பாகங்களை இறக்குமதி செய்து தபாலில் விற்பது அவரது தொழில். வீட்டில் வைத்துப் பயன்படுத்தக்கூடிய கம்பியில்லாத் தந்திக் கருவியையும் விற்றார். பாகங்களுக்கான விலைப்பட்டியல் மெல்லச் சஞ்சிகையாக வளர்ந்தது. 1908இல் ‘மொடர்ன் எலெக்ட்ரிக்ஸ்’ தொடங்கினார். பின்னர் ‘ரேடியோ நியூஸ்’, ‘சயன்ஸ் அன்ட் இன்வென்ஷன்’ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1925இல் சொந்தமாக ஒரு வானொலி நிலையத்தையும் ஆரம்பித்தார்.

இந்தத் தொழில்நுட்பச் சஞ்சிகைகளில் அவ்வப்போது கதைகளும் வந்தன. 1911இல் அவரே ‘மொடர்ன் எலெக்ட்ரிக்ஸ்’ இதழில் 27ஆம் நூற்றாண்டில் நடக்கும் ஒரு தொடர்கதையை எழுதினார். கதை என்ற அளவில் அது சுமாரானது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு புதிய கருவி வரும், பாத்திரங்கள் நின்று அதை விளக்குவார்கள். கேர்ன்ஸ்பெக்குக்குக் கதை என்பது விஞ்ஞானத்தைச் சுவையாகக் கற்பிக்கும் வழி. 1923 ஓகஸ்ட் மாத ‘சயன்ஸ் அன்ட் இன்வென்ஷன்’ இதழை விஞ்ஞானக் கதைகளுக்கான சிறப்பிதழாக்கினார். 1924இல், இத்தகைய கதைகளுக்கென்றே தனிச் சஞ்சிகை தொடங்கினால் சந்தா செலுத்துவீர்களா என்று கேட்டுச் சுற்றுக்கடிதம் அனுப்பினார். ‘சயன்டிஃபிக்ஷன்’ என்பது அந்தச் சஞ்சிகைக்கு அவர் யோசித்திருந்த பெயர். விஞ்ஞானம், புனைகதை என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒட்டி அவரே செய்த சொல் அது. பதில்கள் உற்சாகம் தரவில்லை. திட்டத்தை ஒதுக்கி வைத்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, சந்தா கேட்காமல், முன்னறிவிப்புச் செய்யாமல், பெயரை மட்டும் எளிதாக்கி, கடைகளில் நேரடியாக இறக்கினார். அதுதான் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’.

முதல் இதழில் என்ன இருந்தது?

1926 ஏப்ரல் எனத் திகதியிட்ட முதல் இதழ் 96 பக்கங்கள் கொண்டது. வழமையான பல்ப் சஞ்சிகைகளை விடப் பெரிய அளவு. உள்ளே ஆறு கதைகள். அந்த ஆறில் ஒன்றுகூடப் புதியது அல்ல.

வேர்ணின் வால்வெள்ளிப் பயணக் கதை ஒன்றின் முதற்பாகம், வெல்ஸின் ஒரு சிறுகதை, 1849இல் இறந்துபோன எட்கார் அலன் போவின் ஒரு கதை ஆகியவை ஒரு புறம். ஒஸ்டின் ஹோல், ஜோர்ஜ் அலன் இங்கிலண்ட், ஜீ. பெய்டன் வேர்ட்டன்பேக்கர் ஆகிய அமெரிக்கர்களின் மறுபிரசுரங்கள் மறுபுறம். வேர்ட்டன்பேக்கர் தனது கதையை முதன்முதலில் 1923இல் பிரசுரித்தபோது அவருக்கு வயது பதினாறு. சஞ்சிகைக்கென்றே எழுதப்பட்ட முதலாவது புதிய கதையும் அதே இளைஞருடையதுதான். அது ஜூன் இதழில் வந்தது.

அட்டையையும் உள்ளோவியங்களையும் வரைந்தவர் ஃபிராங்க் ஆர். போல். ஒஸ்திரியாவில் பிறந்த இவர் கட்டடக்கலைப் பயிற்சி பெற்றவர். அவர் வரைந்த மனிதர்கள் விறைப்பாக நிற்பார்கள். அவருடைய நகரங்களும் இயந்திரங்களும் விண்கலங்களும் இன்றும் கண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. கதைத் தெரிவையும் திருத்தத்தையும் அன்றாடம் பார்த்தவர் எழுபது வயதைத் தாண்டிய ரி. ஓ’கோனர் ஸ்லோன் என்ற விஞ்ஞான எழுத்தாளர். அவருடைய மகன், கண்டுபிடிப்பாளர் தோமஸ் எடிசனின் மருமகன். விண்வெளிப் பயணக் கதைகளை மாதந்தோறும் அச்சுக்கு அனுப்பிய ஸ்லோன், மனிதன் ஒருநாள் உண்மையாகவே விண்வெளிக்குப் போவான் என்று நம்பவில்லை.

பொருளடக்கப் பக்கத்தில் ஒரு சித்திரம்: பிரான்சின் அமியன் நகரில் உள்ள வேர்ணின் கல்லறை. கல்லறை மூடியைத் தள்ளிக்கொண்டு அவர் எழுந்து வருவது போன்ற அந்தச் சிற்பத்தையே சஞ்சிகை தனது அடையாளமாக்கிக்கொண்டது. முதல் ஆசிரியத் தலையங்கத்தில் கேர்ன்ஸ்பெக் தான் தேடும் கதைக்கு வரையறை தந்தார். வேர்ண், வெல்ஸ், போ ஆகியோர் எழுதிய வகை. சுவையான கதையுடன் விஞ்ஞான உண்மையும் எதிர்காலத்தை முன்கூட்டிக் காணும் பார்வையும் கலந்தது. இந்த வரையறை எளியது, குறைபாடுகளும் உடையது. ஆனால் மூன்று நாடுகளில் மூன்று காலங்களில் எழுதிய மூவரை ஒரே வரிசையில் நிறுத்தி, இவர்கள் செய்தது ஒரே வேலை என்று அது சொன்னது. இல்லாத ஒரு பாரம்பரியத்தை அந்த ஒரு பக்கம் உண்டாக்கியது என்றே நான் கருதுகிறேன்.

விற்பனை எதிர்பார்ப்பை மிஞ்சியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் போகின்றன என்று கேர்ன்ஸ்பெக் கூறிக்கொண்டார். விற்பவர் சொல்லும் கணக்கு என்பதை மனதில் வைத்துப் பார்த்தாலும், சஞ்சிகை நிலைத்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

தபாலில் வந்த வாசகர்கள்

1926 ஒக்டோபர் இதழை லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வாங்கினான். ஃபொரஸ்ட் ஜே. அக்கர்மன் என்ற அந்தச் சிறுவன் பின்னாளில் உலகின் மிகப்பெரிய விஞ்ஞானப் புனைகதைச் சேகரிப்புகளில் ஒன்றை உருவாக்கினார். அவரைப் போன்ற வாசகர்கள் தனித்தனியே பல ஊர்களில் இருந்தார்கள். பெரும்பாலும் வீட்டிலும் பாடசாலையிலும் கேலிக்குள்ளானவர்கள்.

டிசம்பர் இதழில் கேர்ன்ஸ்பெக் ஒரு போட்டியை அறிவித்தார். அட்டையில் ஒரு விசித்திரக் காட்சி: ஒரு பெரிய கோளம் பயணிகள் கப்பல் ஒன்றைத் தூக்கிச் செல்கிறது, அந்நிய உயிரினங்கள் நின்று பார்க்கின்றன. இந்தப் படத்துக்குப் பொருத்தமான கதையை எழுதுங்கள், மொத்தப் பரிசு 500 டொலர். 360 கதைகள் வந்தன. மூன்றாம் பரிசு பெற்றவர் கிளேர் விங்கர் ஹரிஸ். அமெரிக்க விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகைகளில் தனது சொந்தப் பெயரில் எழுதிய முதல் பெண்ணாக அவரே கருதப்படுகிறார். 1927 ஜூனில் கதையை வெளியிட்டபோது, ஒரு பெண் இதில் பரிசு பெற்றது தனக்கு ஆச்சரியம் என்ற பொருளில் கேர்ன்ஸ்பெக் முன்குறிப்பு எழுதினார். இந்த வகையைத் தொடக்கிவைத்தது மேரி ஷெல்லி என்ற பெண் என்று பலர் இன்று கூறுவதை நினைத்தால், அந்த ஆச்சரியமே நமக்கு ஆச்சரியமாகத் தெரிகிறது.

1927 ஜனவரியில் வாசகர் கடிதப் பகுதி தொடங்கியது. எனது பார்வையில் இந்த முழு வரலாற்றிலும் மிகப் பெரிய விளைவை உண்டாக்கிய முடிவு இதுதான். கடிதம் எழுதியவர்களின் முழு முகவரியும் அச்சிடப்பட்டது. ஒரு கடிதத்தை வாசித்த இன்னொருவர் சஞ்சிகையைத் தாண்டி நேரடியாக அவருக்கே எழுதலாம். எழுதினார்கள். கடிதத் தொடர்புகள் சங்கங்களாயின. 1930 மே மாதத்தில் சிக்காகோவைச் சேர்ந்த ஒரு குழு ‘த கொமெட்’ என்ற கையடக்க இதழை வெளியிட்டது. அதுவே ரசிகர்கள் நடத்திய முதலாவது விஞ்ஞானப் புனைகதை இதழ். அதன் ஆசிரியர்களில் ஒருவரான ரேமண்ட் பாமர் எட்டு ஆண்டுகளில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ ஆசிரியராகவே ஆனார். 1939இல் நியூயோர்க்கில் முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு கூடியபோது, அங்கு வந்த பலரை முதலில் இணைத்தது அந்தச் சஞ்சிகைகளின் பின்பக்க முகவரிகள்தான்.

எழுதியவர்களுக்குக் கிடைத்தது

கேர்ன்ஸ்பெக்கைப் பற்றிய பெரும்பாலான பாராட்டுக் கட்டுரைகள் விரைவாகக் கடந்துவிடும் இடம் இது.

முதல் இதழ் முழுக்க மறுபிரசுரமாக இருந்ததற்கு, நல்ல புதிய கதைகள் குறைவு என்பது மட்டும் காரணமல்ல. பழைய கதைகள் மலிவு. புதிய கதைகளுக்கும் அவர் தாராளமாகக் கொடுக்கவில்லை. எச்.பி. லவ்கிராஃப்ட் எழுதி, 1927 செப்டெம்பர் இதழில் வந்த ‘த கலர் அவுட் ஒஃப் ஸ்பேஸ்’ இன்று உலகெங்கும் படிக்கப்படும் கதை. ஏறத்தாழ 12,000 சொற்கள். அதற்குக் கிடைத்தது 25 டொலர். சொல்லொன்றுக்கு ஒரு சதத்தின் ஐந்தில் ஒரு பங்கு. பலமுறை கேட்ட பிறகு, 1928 மே மாதத்தில்தான் அதுவும் வந்தது. லவ்கிராஃப்ட் அதன் பிறகு தன் கடிதங்களில் கேர்ன்ஸ்பெக்கை ‘எலி’ என்றே குறிப்பிட்டார். மறுபுறம், டார்ஸானை உருவாக்கிய எட்கார் ரைஸ் பரோஸின் நாவலுக்கு 1927இல் 1,250 டொலர் பேசப்பட்டது. பெயர் இருந்தவரின் நிலை வேறு.

1929இல் கேர்ன்ஸ்பெக்கின் நிறுவனம் வங்குரோத்தானது. அப்போது வெளியான விபரங்களின்படி அவர் எடுத்துவந்த ஆண்டுச் சம்பளம் 50,000 டொலர். லவ்கிராஃப்டின் 25 டொலரை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

சுயாதீன ஊடகவியலாளராக வேலை செய்யும் எனக்கு இந்தப் பகுதி வரலாறாக மட்டும் தெரியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்திரிகைக்கு மூன்று பாகமாக எழுதிய கட்டுரைக்கான சன்மானம் கைக்கு வர ஒன்பது மாதங்கள் ஆயின. அந்தக் கட்டுரையைப் பலர் பகிர்ந்தார்கள், பாராட்டினார்கள். பணத்தைக் கேட்ட ஒவ்வொரு முறையும் ‘அடுத்த வாரம்’ என்ற பதில்தான் வந்தது. எழுதுபவருக்கு மேடை கிடைப்பதே போதாதா என்ற எண்ணம் நமது ஊடகச் சூழலில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கேர்ன்ஸ்பெக்கும் அதையேதான் நம்பினார் போலும்.

ஆனால் அந்தக் கதை அத்துடன் முடியவில்லை. 1934 ஜனவரியில் அவருடைய இன்னொரு சஞ்சிகையான ‘வொண்டர் ஸ்டோரீஸ்’ டொனால்ட் வொல்ஹைம் என்ற இளைஞரின் முதற் கதையை வெளியிட்டது. பேசிய 10 டொலர் வரவில்லை. கடிதத் தொடர்புகள் மூலம் விசாரித்தபோது, தன்னைப் போலவே பணம் கிடைக்காத வேறு எழுத்தாளர்களும் இருப்பதை வொல்ஹைம் கண்டுகொண்டார். ஒன்று சேர்ந்து ஒரு சட்டத்தரணியை அமர்த்தினார்கள். வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே 75 டொலருக்குத் தீர்ந்தது. வாசகர்களை இணைப்பதற்காகக் கேர்ன்ஸ்பெக் தொடக்கிவைத்த கடிதப் பழக்கமே அவரிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொடுத்தது.

பெயர் மாறியது

வங்குரோத்துக்குப் பிறகு ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ வேறு நிறுவனத்திடம் போனது. ஸ்லோன் அதைத் தொடர்ந்து நடத்தினார். கேர்ன்ஸ்பெக் சில மாதங்களிலேயே புதிய நிறுவனம் ஒன்றை நிறுவிப் புதிய சஞ்சிகைகளைத் தொடங்கினார். பழைய நிறுவனத்தோடு ஒட்டியிருந்த ‘சயன்டிஃபிக்ஷன்’ என்ற சொல்லைக் கைவிட்டு, ‘சயன்ஸ் ஃபிக்ஷன்’ என்று எழுதத் தொடங்கினார். அந்தச் சொல்லை 1851இலேயே வில்லியம் வில்சன் என்ற ஆங்கிலேயர் ஒரு நூலில் பயன்படுத்தியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை. 1929க்குப் பின்னர்தான் அது பரவியது. நாம் விஞ்ஞானப் புனைகதை என்று தமிழில் எழுதுவது அதன் வழிவந்த சொல்தான்.

தனிப் பெயரும் தனிச் சஞ்சிகையும் இந்த இலக்கியத்துக்கு நன்மையா தீமையா என்பதில் இன்றும் விவாதம் உண்டு. பிரித்தானிய எழுத்தாளர் பிரையன் ஓல்டிஸ் 1973இல் எழுதிய வரலாற்று நூலில், இத்துறைக்கு நேர்ந்த மிக மோசமான அனர்த்தங்களில் ஒன்று கேர்ன்ஸ்பெக் என்றே வாதிட்டார். வெல்ஸின் காலத்தில் பொது இலக்கியத்தின் ஒரு பகுதியாக இருந்ததைப் பிரித்தெடுத்து, வானொலி திருத்தப் படிக்கும் இளைஞர்களுக்கான மலிவுப் பண்டமாக்கிவிட்டார் என்பது இத்தகைய விமர்சனங்களின் சாரம். இதில் உண்மை இருக்கிறது. கருவியை விளக்குவதற்காகவே எழுதப்பட்ட பல கதைகள் இன்று படிக்கத் தாங்காதவை. ஆனால் பொது இலக்கிய இதழ்கள் அந்த இளைஞர்களுக்கு இடம் கொடுத்திருக்குமா என்று கேட்டால், கொடுத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கொழும்பு வரை

அமெரிக்காவில் அச்சான அந்தச் சஞ்சிகைகள் அத்திலாந்திக்கைத் தாண்டியும் போயின. இங்கிலாந்தின் மைன்ஹெட் ஊரில் வளர்ந்த ஒரு சிறுவன் 1928 நவம்பர் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைக் கண்டான். ஃபிராங்க் போல் வரைந்த அந்த அட்டையில் வியாழன் கிரகம் இருந்தது. தான் பார்த்த முதல் விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகை அதுவே என்று பின்னாளில் அவர் எழுதினார். அவர் ஆதர் சி. கிளார்க். 1945இல், பூமியின் சுழற்சிக்கு இணையாகச் சுற்றும் செய்மதிகள் மூலம் உலகத் தொடர்பாடல் சாத்தியம் என்று ஒரு வானொலித் தொழில்நுட்பச் சஞ்சிகையில் எழுதினார். 1956இல் இலங்கைக்கு வந்தார். 2008இல் கொழும்பில் காலமாகும் வரை இங்கேயே வாழ்ந்தார்.

1953 முதல் விஞ்ஞானப் புனைகதைக்கு வழங்கப்படும் முக்கிய விருது கேர்ன்ஸ்பெக்கின் நினைவாக ‘ஹியூகோ’ என்றே அழைக்கப்படுகிறது. எழுத்தாளருக்குக் குறைவாகவும் தாமதமாகவும் பணம் கொடுத்தவரின் பெயரிலேயே எழுத்தாளருக்கான விருது. கிளார்க் இலங்கைக்கு வந்த அதே 1956இல் ஒரு சிறுகதைக்காக அந்த விருதைப் பெற்றார். 1980இல் ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலுக்காக மீண்டும் பெற்றார். அந்த நாவல் நடப்பது தப்ரபேன் என்ற தீவில். இலங்கையைத் தெற்கே நகர்த்திப் பூமத்தியரேகையின் மேல் வைத்து அவர் உருவாக்கிய நாடு அது. சிவனொளிபாதமலையும் சிகிரியாவும் வேறு பெயர்களில் அதில் வருகின்றன. மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுவதுதான் கதை.

‘அமேசிங் ஸ்டோரீஸ்’ முதல் இதழில் ஒரு புதிய கதைகூட இல்லை என்பதை மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன். அது வாசகருக்குக் கொடுத்தது ஒரு பெயரையும், மாதந்தோறும் வந்து சேரும் ஓர் இடத்தையும், விரைவிலேயே ஒருவர் மற்றவரைக் கண்டுகொள்ள ஒரு முகவரியையும். தமிழில் இன்று விஞ்ஞானக் கதை எழுதும் இளைஞர்களுக்கு ஓர் இதழையோ இணையத்தளத்தையோ தொடங்க நினைப்பவர்கள் அந்த மூன்றையும் 1926இலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எழுதுபவரின் சன்மானத்தை உரிய நேரத்தில் கொடுப்பதை மட்டும் வேறெங்கிருந்தாவது கற்றுக்கொள்ள வேண்டும்.